கட்டிலில் வேர் காயும் ஆஸ்பத்திரி

ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலைக்குப் போகிற பாதையில் ஒரு சிற்றூர், அங்கே பஞ்சாயத்து நடத்தும் சித்த வைத்திய சாலை. இதுவரை சொல்லலாம்.

போன மாசி மாதம் என் மனைவியின் அண்ணன் அருளப்பனை அங்கே கூட்டிப் போனேன். ஆவூர்க்காரர், பஸ் டிரைவர். தோள் இறுகிப்போய் வலது கை மார்புக்கு மேலே எழவில்லை. டவுன் ஆஸ்பத்திரி மாத்திரையில் வலி குறைந்தது, கை எழவில்லை. பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மச்சானுக்கு மூன்று பெண் குழந்தைகள், வேறு தொழிலும் தெரியாது. நான் ரேடியோ ரிப்பேர் செய்பவன். எதையும் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் துணைக்கு நானே கிளம்பினேன்.

காலை ஆறே முக்காலுக்கு முதல் பஸ். பதினோரு மைல், தலைக்கு நாற்பத்தைந்து நயா பைசா. வழி நெடுக மச்சான் அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். “கியரு போடுறானா, கரும்பு ஒடிக்கிறானா?” இறங்கி, முந்திரித் தோப்புக்கு நடுவே செம்மண் பாதையில் ஒரு மைல் நடக்க வேண்டும். நிழல் கிடையாது. குடை கொண்டு போங்கள்.

ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, பெரிய அடுப்பு. முதலில் கண்ணில் பட்டது வாசலில் வெயிலில் கிடந்த எட்டு இரும்புக் கட்டில்கள். எல்லாவற்றிலும் வேரும் இலையும் காய்ந்தன. நோயாளிகள் உள்ளே கோரைப் பாயில் கிடந்தார்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

“என்னங்க இது, கட்டில் நோயாளிக்குத்தானே?” என்று வைத்தியரிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும், சட்டைக் கையெல்லாம் எண்ணெய்க் கறை.

“தரையில போட்டா வேரு பூசணம் பிடிச்சுருமுங்க. மனுசனுக்குப் பூசணம் பிடிக்காது. இருக்குறது எட்டுக் கட்டிலு, நான் என்ன செய்யட்டும்?” என்றவர், என் கையில் ஓர் உலக்கையைக் கொடுத்தார்.

விளையாட்டில்லை. அதுதான் அங்கே நடைமுறை. வைத்தியர், மருந்து கொடுப்பவர், சமையல்கார அம்மா, இந்த மூன்று பேர்தான் மொத்த ஆஸ்பத்திரியும். இடிக்கவும் சலிக்கவும் ஆளில்லை. ஆகவே நோயாளியோடு வந்தவர்கள்தான் மருந்து இடிக்க வேண்டும். மச்சான் கை சீக்கிரம் எழட்டும் என்று நானும் வேகு வேகென்று இடித்தேன். சாயங்காலம் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

“இது மச்சானுக்கு எப்பங்க கொடுப்பீங்க?” என்று வைத்தியரைக் கேட்டேன்.

“ஒங்க மச்சானுக்கா? இது இன்னும் காயணும், சலிக்கணும். குடுக்க அடுத்த மாசம் ஆயிரும். அவுக இப்ப சாப்பிடுறது முந்தி வந்தவுக இடிச்சதுங்க. கீரனூர்ச் சந்தையில வெத்தலை விக்கிற அம்மா ஒண்ணு, மகனோட வந்துச்சு. நல்லா இடிச்சுட்டுப் போச்சு.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மச்சான் வாயில் போட்டுக்கொள்ளும் சூரணத்தைத் தொட்டுப் பார்த்தேன். முகப்பவுடர் போல அத்தனை நைசு. என்னுடையது மணல் மணலாக இருந்தது. மறுநாள் அதை மறுபடி உரலில் கொட்டினேன்.

பத்தியச் சாப்பாட்டில் புளி இல்லை, கத்தரிக்காய் இல்லை. கருவாடு என்ற வார்த்தையைச் சொன்னாலே மச்சான் கண் கலங்கினார். பொழுது போகாமல் மருந்து சலிக்கும் வட்டச் சல்லடையை எடுத்து ஸ்டியரிங் மாதிரி பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். பாயில் கிடந்தவர்கள் எல்லோரும் பிரயாணிகள் ஆகிவிடுவார்கள். “டிரைவரே, கீரனூர்ல நிறுத்துங்க, எறங்கணும்!” கால் வட்டம் வந்ததும் வலது கை நழுவிவிடும். அவரும் சிரிப்பார். இரண்டாவது வாரம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“அரை வட்டங்கூட வரலை மாப்ள. கிளீனராத்தான் போகணும் போல” என்று சல்லடையைக் கீழே வைத்தார். நான் உலக்கையை எடுத்து இடிக்க ஆரம்பித்தேன். “சும்மா கெடந்தா கிறுக்குப் பிடிச்சுரும். இங்கிட்டுத் தா” என்று உலக்கையை வாங்கிக்கொண்டார். இடது கைதான் இடித்தது, வலது கை சும்மா ஒட்டிக்கொண்டு போய் வந்தது. வைத்தியர் பார்த்தார், தடுக்கவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் கை தோள் மட்டம் வரை எழுந்தது, அதற்கு மேல் வரவில்லை.

எண்ணெய், நொச்சி இலை ஒத்தடம், சூரணம், உலக்கை. இதில் எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ரேடியோவில் நாலு பாகத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டிருந்தது என்று சொல்ல முடியாது. வைத்தியரையே கேட்டேன். “எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?” என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது, பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றேன். பதறிப்போனார். “ஊர் பேரைப் போட்டுறாதீங்க. கூட்டம் வந்தா மருந்து காணாதுங்க.” வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் இப்படிப்பட்ட வைத்திய சாலைகள் வேறு ஊர்களிலும் உண்டு. போகிறவர்கள் கஷாயத்துக்குச் சொந்தமாகப் பாட்டிலும், குழைத்துச் சாப்பிடத் தேனும் கொண்டு போங்கள். இரண்டும் அங்கே கிடைக்காது. பாய், தலையணை அவசியம். துணைக்கு வயதானவர்களை அனுப்பாதீர்கள், உலக்கை கனம். இடிப்பதை நன்றாக இடியுங்கள்.

திருவிழா ஸ்பெஷலை மச்சான்தான் ஓட்டினார். ஆனால் அவர் ஓட்டுவார் என்பது எனக்கு முன்பே தெரியும். கிளம்பிய அன்று, மெயின் ரோட்டில் நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். கழுத்து ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்து அவர் மகள் இறங்கினாள்.

“அண்ணே, வைத்தியசாலை எங்கிட்டு இருக்கு? மருந்து இருக்குமா?”

“இருக்கும்மா. நேத்துத்தான் சலிச்சு வச்சுட்டு வாரோம்” என்றேன் நான். அவள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

“அந்தா தெரியுது பாரு முந்திரித் தோப்பு, அதுக்கு அங்கிட்டு” என்று மச்சான் கையை நீட்டிக் காட்டினார். தோளுக்கு மேலே, நேராக. வலது கை! அவருக்கே அது தெரியவில்லை. கிழவரும் மகளும் போகிற வரை நான் வாயைப் பிளந்துகொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கண்டக்டர் விசிலடித்தது கேட்டது, ஆனால் உறைக்கவில்லை.

“யோவ் மாப்ள, என்னய்யா மரமா நிக்கிற? பஸ்ஸு போகுது பாரு!”

புழுதி கிளப்பிக்கொண்டு போகிற பஸ்ஸைக் காட்டிக் கத்தினார். அதற்கும் அந்தக் கைதான்.