முத்துக்கனியின் கணினியில் இன்னொருத்தி

முத்துக்கனி எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. கருப்பட்டி வாங்கினால் கடையிலேயே ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பையில் போடச் சொல்வாள். சாத்தான்குளத்தில் அப்பாவின் பலசரக்குக் கடையில் வளர்ந்த பழக்கம் அது. கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் குணம் அவளுக்கு உதவியாகவே இருந்தது. வெளிநாடு போகும் சரக்குக்கான பத்திரங்களைத் தயார் செய்வதும், எந்தக் கப்பல் கம்பெனியில் கன்டெய்னர் வாடகை குறைவு என்று தேடி, சரக்கு அனுப்பும் பார்ட்டிக்குச் சொல்வதும் அவள் வேலை. அவள் கையால் போன பத்திரம் சுங்கத்துறையிலிருந்து திரும்பி வருவது அபூர்வம்.

பக்கத்து மேஜையில் டயானா இருந்தாள். புன்னைக்காயல்காரி, கணவன் ஆன்டனி கப்பல் வேலைக்காரன். இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் கணினியைத் திறந்தாலே ஒரு பிரவுசர் ‘இனி எல்லாவற்றையும் என்னிலேயே திறக்கட்டுமா’ என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் மறுநாளும் கேட்கும். இன்னொன்றை இறக்கினால் அது தன் தேடுபொறியைத்தான் வைக்கும். பழையதைத் திரும்ப வைத்தால், ‘நிச்சயமாகவா?’ என்று கோபித்துக்கொள்வதுபோல் ஒரு பெட்டி வரும்.

“சும்மா குடுக்கவன் எதுக்குளா இப்பிடிக் கெஞ்சுதான்?” என்று முத்துக்கனி ஒருநாள் கேட்டாள்.

“உனக்கு மெசின் மேலயும் சந்தேகமா?” என்று டயானா சிரித்தாள்.

பிறகு டயானா அதே தெருவில் இருந்த வேறொரு கிளியரிங் ஆபீசுக்கு மாறிப்போனாள். அவளுடைய கணினி புதிது என்பதால் முத்துக்கனி அந்த மேஜைக்கு மாறிக்கொண்டாள்.

போன வருடம் பழைய பத்திரம் ஒன்றைத் தேடி அரை நாள் வீணானதும், முதலாளி பாண்டியராஜன் பாலகணேஷை வரவழைத்தார். ஆபீஸ் கணினிகளைப் பழுது பார்க்கும் பையன் அவன்; ஊருக்குள் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். எல்லாக் கணினிகளிலும் ஒரு தேடும் கருவியைப் போட்டுக் கொடுத்தான்.

“இந்தப் பெட்டியில ஒரு வார்த்த அடிங்கக்கா. ஃபைலு, மெயிலு, பிரவுசர்ல நீங்க பாத்த பக்கம், எல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கும்.”

வந்து நின்றது. ஆனால் முத்துக்கனி பார்க்காத பக்கங்களும் வந்து நின்றன. வளைகுடாத் துறைமுகம் ஒன்றின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்தத் துறைமுகத்துக்கு அவர்கள் ஆபீசிலிருந்து ஒரு கன்டெய்னர்கூடப் போனதில்லை. தான் இல்லாத நேரத்தில் யாரோ தன் கணினியில் உட்காருகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டினாள். நாற்காலியை மேஜையோடு ஒட்டி ஒரு கோணத்தில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் நாற்காலி வைத்தபடியே இருந்தது. புதுப் பக்கங்கள் மட்டும் கூடியிருந்தன.

அதே சமயத்தில் பார்ட்டிகள் நழுவ ஆரம்பித்தார்கள். அவள் வாடகை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, “வேற ஆபீஸ்ல இருந்து போன் வந்துட்டு, குறைச்சுச் சொல்லுதாவ” என்றார்கள். அவள் யாருக்காக, எந்த ஊருக்கு விசாரிக்கிறாள் என்பது வெளியே எப்படித் தெரிகிறது?

பாலகணேஷ் சில நாள் தன் கடையில் இருந்தபடியே அவள் திரையைத் திறந்து சரிசெய்வான். மவுஸ் அம்பு தானாக ஓடுவதைப் பார்த்தபோது, அவன்தான் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

பாண்டியராஜன் அவனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். பாலகணேஷ் முகம் வெளுத்துப் போயிற்று. “சார், நான் எதுக்கு சார் உங்க பார்ட்டியப் பாக்கணும்? எனக்கு அதுல என்ன இருக்கு?” என்றான். கருவியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டு, முத்துக்கனி பக்கம் திரும்பாமலே போனான்.

அதற்குப் பிறகும் பார்ட்டிகள் நழுவினார்கள்.

இப்போது முத்துக்கனிக்கு ஆபீசில் எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. கடைசியில் ஒரு யோசனை செய்தாள். சாத்தான்குளம் ராஜதுரை அண்ணாச்சி மருந்துக்கான நிலாவாரை இலை அனுப்புகிறவர்; ஜெர்மனியைத் தவிர வேறெங்கும் அனுப்பியதில்லை. பிரவுசரில் அவர் கம்பெனி பெயரைப் போட்டு, ஆப்பிரிக்கத் துறைமுகமான மொம்பாசாவுக்கு நிலாவாரை, கன்டெய்னர் வாடகை என்று வேண்டுமென்றே தேடினாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ராஜதுரை போன் செய்தார்.

“ஏளா, மொம்பாசாவுக்கு நான் எப்பம்மா எல அனுப்புதேன்னு சொன்னேன்? ஒரு பிள்ள கூப்பிட்டு ரேட்டு சொல்லுது.”

“யாரு அண்ணாச்சி?”

“பேரு சொல்லல. உங்க ஆபீஸ்ல முன்ன ஒரு பிள்ள பேசுமே, அந்தக் குரலாட்டம் இருந்துச்சு.”

போனை வைத்துவிட்டு முத்துக்கனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவுசரின் மேல் மூலையில் சின்ன வட்டத்துக்குள் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தது. அது பிரவுசரின் சின்னம் என்றே அதுவரை நினைத்திருந்தாள். அழுத்தினாள். டயானாவின் பெயரும் மெயில் முகவரியும் வந்தன. பழைய நாட்களில் இந்தப் பிரவுசரை இறக்கியவள் டயானா. தன் கணக்கில் நுழைந்தவள், போகும்போது வெளியேறவே இல்லை. இங்கே முத்துக்கனி தேடுவதெல்லாம் அங்கே டயானாவின் திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே டயானா தேடுவது இங்கே வந்துகொண்டிருந்தது.

முத்துக்கனி அப்போதே அந்தக் கணக்கை மூடியிருக்கலாம். மூடவில்லை. பார்த்த பக்கங்களின் வரிசையைத் திறந்து படித்தாள். அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். கப்பல் கம்பெனி, பார்ட்டி பெயர், வாடகை. நடுநடுவே வேறு ஒன்று: உரிமையாளர் கைவிட்ட கப்பல், சம்பளம் வராத மாலுமிகள், குடிதண்ணீர் இல்லாத கப்பலில் இருப்பவர்கள் யாரிடம் முறையிடுவது. எல்லாம் அந்த வளைகுடாத் துறைமுகத்தில். ஒரே கேள்வியை வார்த்தையை மாற்றி மாற்றி, தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் என்று டயானா கேட்டிருந்தாள். முத்துக்கனி அந்தப் பக்கத்தை மூடினாள். பிறகு மறுபடி திறந்து படித்தாள்.

அன்று மத்தியானம் பழைய துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், உப்பு லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் டயானாவைப் பிடித்தாள்.

“ஏளா, மொம்பாசா ரேட்டு நல்லா இருக்கா?”

டயானாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும், “எந்த மொம்பாசா?” என்றாள்.

“நான் தேடுனத நீ பாத்துக்கிட்டிருக்க. எத்தன நாளா?”

“நான் ஒண்ணும் ஒளிஞ்சு பாக்கல. நான் ஒரு எழுத்து அடிச்சா ஓம் பார்ட்டி பேரு கீழ வருது. மொதல்ல எனக்கே வெளங்கல, கனி.”

“வெளங்கின பெறகு?”

டயானா, கிளம்பிப் போகும் லாரி ஒன்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “புது ஆபீஸ்ல, பிசினஸ் கொண்டு வரலன்னா நிறுத்திருவோம்னு சொல்லிட்டாவ. இந்த வேலையும் போச்சுன்னா...”

“ஆன்டனி அண்ணன் கப்பல் இன்னும் அங்கனதான் நிக்குதா?”

டயானா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. “அத ஓங்கிட்ட யாரு சொன்னா? எங்க வீட்டுல கூட நான் முழுசாச் சொல்லல.”

தன் தேடல்களை முத்துக்கனியும் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டயானா அழுதுகொண்டே தன் போனை எடுத்து, கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கணினியிலிருந்தும் தன் கணக்கை வெளியேற்றினாள். “பாத்துக்க, நல்லாப் பாத்துக்க” என்று திரையை முத்துக்கனியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஆபீசில் முத்துக்கனி முதலாளியிடம் டயானாவின் பெயரைச் சொல்லவில்லை. “பழைய கணக்கு ஒண்ணு பிரவுசர்ல தெறந்து கெடந்திருக்கு சார். மூடியாச்சு. பாலகணேஷ் மேல தப்பில்ல” என்றாள்.

பாண்டியராஜனுக்கு யாருடைய கணக்கு என்று ஊகிக்க நேரமாகவில்லை. “அந்தப் பிள்ளையும் நீயும் ஒண்ணாத்தானம்மா சாப்பிடுவீங்க?” என்றார். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். தனக்கு அதில் பங்கில்லை என்று சத்தியம் செய்யலாமா, செய்தால் இன்னும் சந்தேகப்படுவாரா என்று முத்துக்கனி தயங்கினாள். அதன் பிறகு கொஞ்ச நாள் அவளுடைய மெயில்களெல்லாம் அவர் பார்த்த பிறகே வெளியே போயின.

பாலகணேஷின் கடைக்கு அவளே போனாள். “தப்பு எம்மேலதான் தம்பி” என்றாள். அவன் கழற்றிப் போட்டிருந்த ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டான். சண்டை போடவில்லை. அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்தான். ஆனால் எந்தக் கணினியைத் தொடுவதானாலும், “யாராவது பக்கத்துல இருங்க” என்று சொல்லி, ஆள் வந்து உட்காரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இன்றுவரை அப்படித்தான் செய்கிறான்.

ஆன்டனி வந்து சேர்ந்ததை முத்துக்கனி மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். மாலுமிகள் சங்கம் ஒன்று தலையிட்டு, அந்தக் கப்பலில் இருந்தவர்களை விமானத்தில் ஊருக்கு அனுப்பி வைத்ததாம். சில வாரம் கழித்து முத்தையாபுரம் பஸ்ஸில் டயானா ஏறினாள். வேறு இடம் இல்லாததால் முத்துக்கனியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் எப்படி இருக்காவ?”

“உடம்பு எளைச்சிட்டு. இனி கப்பலுக்குப் போவலன்னு சொல்லுதாவ.”

“நல்லதுதான்.”

டயானா லேசாகச் சிரித்தாள். அப்போது அவள் போனில் ஏதோ செய்தி வந்து திரை ஒளிர்ந்தது. முத்துக்கனியின் கண் தன்னையறியாமல் அங்கே போயிற்று. டயானா போனைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டாள்.