பூக்கட்டிப் பார்த்து வாங்கிய டயர்

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமானாலும் பெரியப்பா அம்மனைக் கேட்காமல் செய்யமாட்டார். கேட்பது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு இலையில் சிவப்புப் பூ, இன்னொரு இலையில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒன்றுபோலப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டிக்கு இடம் பிடித்தது அப்படித்தான். அப்பாவுக்கு அம்மாவைப் பெண் எடுத்ததும் அப்படித்தானாம். "வேற பூ வந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று அம்மா அடுப்படியில் மட்டும் சொல்லிச் சிரிப்பாள்.

அடுப்படியில் மட்டும் என்றதற்குக் காரணம் உண்டு. புருஷனுக்கு மூத்தவர் கண்ணில் படக்கூடாது, அவரிடம் நேரில் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என் தோளைத் தட்டுவாள். அவள் சொன்னதை நான் பெரியப்பாவிடம் சொல்வேன். அவர் பதிலை என்னிடம் சொல்வார், அதை நான் அம்மாவிடம் சொல்வேன். கதவுக்கும் அவருக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இராது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை இருவரும் ஒன்றுமே கேளாதவர்கள்போலக் காத்திருப்பார்கள். ஊரில் தபால்காரருக்கு அடுத்தபடி நான்தான் முக்கியமான ஆள் என்று அந்த எட்டு வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் எங்கள் சின்ன லாரிக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. யாரோ ஒரு துரை ஓட்டிச் சலித்து விற்ற பழைய வண்டி அது. முன்னால் கார்போல இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த பெட்டி. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரிவாயுவில் ஓடுவதற்காக ஒரு கரி அடுப்பு கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடியது. டயரும் கிடைக்காததால், கிழிந்த இடத்தில் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து அப்பா ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா முதலாளி, அப்பா டிரைவர். அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.

அந்த லாரி தேரிக்காட்டுக் கருப்பட்டியை ஏற்றி வர வேண்டும். தேரி என்றால் செம்மணல். வெயில் ஏறிவிட்டால் அதில் கால் வைக்க முடியாது. தார் ரோட்டிலிருந்து கருப்பட்டி காய்ச்சும் ஊருக்கு மூன்று மைல், அத்தனையும் மணல். லாரி ரோட்டு ஓரத்தில் உடைமரம் என்கிற ஒரு முள்மரத்தடியில் நின்றுவிடும். ஊர்ப் பெண்கள் ஓலைப்பெட்டிகளைத் தலையில் சுமந்து அந்த மூன்று மைலையும் நடந்து வந்து ஏற்றிவிட்டுத் திரும்பி நடப்பார்கள். அந்தப் பெண்களில் என் சித்தியும் ஒருத்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா பனை ஏறினார், சித்தி பதனீர் காய்ச்சினாள், காய்ச்சியதைச் சுமந்தாள். முந்தின வருஷம் சுமக்கப் போய்த்தான் அவளுக்கு வயிற்றில் இருந்தது தங்காமல் போயிற்று. இப்போது மறுபடியும் ஆறாவது மாதம். சுமக்காதே என்றால் அங்கே உலை ஏறாது. லாரி ஊருக்குள்ளேயே போய்விட்டால் யாருமே சுமக்க வேண்டாம் என்பது அம்மாவின் கணக்கு. இதை அவள் பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பவே இல்லை. பிறந்த வீட்டுக்காக வண்டிக்கு டயர் கேட்கிறாள் என்று ஒரு சொல் வந்துவிட்டால் பிறகு அந்தப் பேச்சே எடுபடாது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் பட்டாளத்து டயர்கள் வந்து இறங்கியிருந்தன. விற்றவர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள். பெரியப்பாவோடும் அப்பாவோடும் நானும் தொற்றிக்கொண்டு போனேன். "ஒசரமா டயரு இருந்தா பக்கத்துல நின்னு பாத்துட்டு வா, ஒனக்கு எதுமட்டும் வருதுன்னு சொல்லு" என்று அம்மா காதோடு சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்தக் கொட்டகையை நான் மறக்கமாட்டேன். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கும்மிருட்டு. கண் பழகியபோதுதான் அந்த இருட்டில் பாதி டயர் என்று தெரிந்தது. கூரையைத் தொடும்வரை அடுக்கியிருந்தார்கள். ரப்பர் வாசனை தொண்டைக்குள் இறங்கியது. காக்கா முதலில் எங்கள் பழைய அளவில் ஒன்றை உருட்டி வந்தார். அது என் இடுப்புக்கு வந்தது. பிறகு இன்னொன்றை உருட்டினார். அது உருண்டு வந்தபோது தரை அதிர்ந்ததை என் பாதத்தில் உணர்ந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். நெஞ்சுமட்டும் வந்தது. அதன் பள்ளங்களில் என் கை முழுவதும் புதைந்தது. அத்தனை புதிதாக, அத்தனை கறுப்பாக ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ரிம்முல உக்காருத வட்டம் ரெண்டுக்கும் ஒண்ணுதான் அண்ணாச்சி. வெளிவட்டம்தான் பெருசு" என்றார் காக்கா. "பாலைவனத்துல ஓட்டுததுக்குன்னு பட்டாளத்துக்காரன் செஞ்சது. மணல்ல புதையாது. ஆனா பொய் சொல்லமாட்டேன், ஏத்தத்துல வண்டிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும்."

அப்பா வெளியே போய் வண்டியின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டு அளந்து வந்தார். "ஆறு விரல் இருக்கு அண்ணாச்சி. இதப் போட்டா ரெண்டு விரல் மிஞ்சும். பாரம் ஏத்தினா உரசும். பின்னால ஸ்பிரிங் வில்லுல ஒரு பட்டை கூடப் போட்டாச் சரியாப் போகும்."

"வண்டியச் செஞ்சவன் என்ன முட்டாளா?" என்றார் பெரியப்பா. அத்தோடு அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அண்ணன் முன்னால் அப்பாவுக்கு வாய் இரண்டு வாக்கியத்துக்கு மேல் திறக்காது.

கதவுக்குப் பின்னால் அம்மா, நாற்காலியில் பெரியப்பா; வீட்டில் அன்று என் தபால் வேலை உச்சத்துக்குப் போனது. ஒசர டயர் போட்டால் லாரி தேரிக்குள்ளேயே போகும், சரக்கு உடையாமல் வரும் என்று கதவு சொன்னது. குதிரைக்கு லாடம் அடிக்கப் போனவன் ஒட்டகக் காலையா வாங்கி மாட்டுவான் என்று நாற்காலி கேட்டது. தேரிக்குள் போகிற முதல் லாரிக்குத்தான் நல்ல கருப்பட்டி எல்லாம் கிடைக்கும் என்றது கதவு. நான் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் களைத்துப் போனேன். கடைசியில் பெரியப்பா எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"ஏளா, நாளைக்கு வெள்ளிக்கெழம. பூக்கட்டிப் பாத்துருவோம். செவப்பு வந்தா ஒசர டயரு, வெள்ள வந்தா பழைய அளவு. பூவை ஒங்கம்மாவையே கட்டித் தரச் சொல்லு. சுத்தபத்தமா கட்டுவா."

"சரின்னு சொல்லு" என்று அம்மா என் தோளைத் தட்டினாள்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு பூவரசிலையில் பொட்டலங்களைக் கட்டினாள். நான் கண் விழித்தபோது வாழைநாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், சுத்தம் கெடாமலிருக்க என்று நினைத்தேன். கோயிலில் பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். பெரியப்பா கண்ணை மூடி நின்றார். நான் நீட்டிய கைக்கு எது முதலில் பட்டதோ அதை எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி! பெரியப்பா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. "அவ சொல்லிட்டாப்பா. இனிமே பேச்சில்ல" என்றார் அப்பாவிடம். ஒட்டகக் கால் எல்லாம் அந்த நிமிஷமே அவருக்கு மறந்து போயிற்று. அதுதான் பெரியப்பா. எவ்வளவு பிடிவாதமோ அவ்வளவு பணிவு.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. கிணற்றில் போட்டுவிட வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "பிரிக்காம போடணும்" என்று அம்மா முந்தியே இரண்டு தரம் சொல்லியிருந்தாள். ஒரு தரம் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். கிணற்றடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே செவ்வரளி.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் தப்பித் தவறி இந்தப் பொட்டலத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மன் இதிலிருந்த வெள்ளைப் பூவையும் சிவப்பாக்கிவிட்டாள்! ஒரு சின்ன லாரியின் டயருக்காக அவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்! வீட்டுக்கு வந்தபோது முற்றத்து நந்தியாவட்டைச் செடி ஒரு பூவும் பறிக்காமல் வெள்ளை வெளேரென்று நின்றது. அதையும் பார்த்தேன். அதுவும் அம்மன் செயல்தான் என்று எடுத்துக்கொண்டேன். பிரித்தது தெரிந்தால் முதுகு பழுத்துவிடும் என்பதால் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த வாரம் டயர் மாட்டி, வில்லில் பட்டை கூட்டி, வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. தேரிக்கு முதல் ஓட்டம். முன்னால் அப்பாவும் பெரியப்பாவும், பின்பெட்டியில் வெறும் ஓலைப்பெட்டிகளுக்கு நடுவே அம்மாவும் நானும். தங்கையைப் பார்த்து வரட்டும் என்று பெரியப்பாவே உத்தரவு கொடுத்திருந்தார். உடைமரத்தடியில் வண்டி வழக்கம்போல நிற்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கியது. அதுவரை எந்த லாரியும் படாத அந்தச் செம்மணலில் நாலு டயரும் பதித்த தடத்தை நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பூத்தையல் போட்டதுபோல நீளமாக வந்தது. பனைகள் எல்லாம் எங்களுக்கு வழிவிட்டு நிற்பதாகத் தோன்றியது. அன்று மாதிரி ஒரு பெருமை பிறகு எந்தக் காரில் ஏறியும் எனக்கு வரவில்லை.

இரண்டாவது மைலில் ஒரு பள்ளம். வண்டி அதில் இறங்கியது, ஏறவில்லை. சக்கரம் சுற்றிச் சுற்றி மணலை எங்கள் மேல் வாரி இறைத்தது. என்ஜின் கொதித்து ஆவி கிளம்பியது. அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "தாயே, என்னய எது வேணும்னாலும் செஞ்சிக்கோ, அவ வயித்துல மட்டும் கைய வச்சிராத" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்றதற்கும் சித்தி வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அம்மா அப்படி மன்றாடி நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று அவள் காதில் வாயை வைத்தேன்.

"பயப்படாதம்மா. வண்டி ஏறிரும். நான் அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். அதுவும் செவப்புதான்."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"என்னளா அங்கன குசுகுசுன்னு?" என்று முன்னாலிருந்து பெரியப்பா கேட்டார். அம்மா கையை எடுக்காமல், "ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு எப்படிச் சொல்வது?

அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தார். நிறுத்தி, மூச்சுவிட வைத்து, மறுபடி விட்டார். டயரின் பள்ளங்கள் மணலைக் கவ்வின. வண்டி முனகியது, குலுங்கியது, மெல்ல மெல்லத் தலையைத் தூக்கி மேட்டில் ஏறிவிட்டது. மேட்டில் நின்றபோது தூரத்தில் ஊர் தெரிந்தது. சத்தம் கேட்டுப் பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சித்தி நடந்து வந்தாள். அவள் தலையில் ஒன்றும் இல்லை.

பெரியப்பா கீழே குதித்து டயரை இரண்டு தட்டுத் தட்டினார். "பாத்தியாளா? பூ பொய் சொல்லுமா?" என்றார் என்னைப் பார்த்து. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். அம்மா ஒருத்திதான் கும்பிடவில்லை. சித்தியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இவ்வளவு பெரிய அதிசயத்தைக் காதில் சொன்ன பிறகும் பயந்து அழுகிறாளே என்று எனக்கு ஒரே வருத்தம். எங்கள் வீட்டில் அம்மன்மேல் நம்பிக்கை குறைந்தவள் அம்மாதான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.