கிளேபாங் மங்களமும் பெரட்டுக் கங்காணியும்

கிளேபாங் சாலையோரத்தில் மங்களத்தின் தேங்காய் ஷேக் கடையை எல்லாருக்கும் தெரியும். அவள் பேய் வேட்டைக்குப் போகிறவள் என்பது ஜாசின் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே தெரியும். நாற்பத்தாறு வயது. நல்ல உரத்த குரல். வாழைத் தோப்பில் இருந்த பொந்தியானாக் என்ற பெண் பேயை வெறுமனே திட்டியே மூவார் வரைக்கும் விரட்டியவள் என்பார்கள். பயமாக இருக்காதா என்று கேட்டால், "இருக்கும்லா. அதுக்கும் என்னையப் பாத்தா இருக்கும்ல?" என்பாள்.

இளநீர்தான் அவளுக்கு ஆயுதம். காயில் துளை போட்டு, பேயை உள்ளே இழுத்து, மெழுகால் அடைத்துக் கடலில் விட்டுவிடுவாள்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சுங்கை ஊடாங் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் திலகவதி கடைக்கு வந்தாள். ஷேக் குடிக்க வரவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம். அப்பா மேடையில இருக்க மாட்டாரு போல."

"ஏம்மா, உடம்பு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கங்காணி கூப்பிடுறாரு."

வெள்ளைக்காரத் துரை காலத்தில் செத்துப்போன ரப்பர் தோட்டத்துக் கங்காணி அவர். செத்த பிறகும் பெரட்டை விடவில்லை. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்த வேலையைத் தோட்டத்திலேயே தொடர்ந்து செய்துகொண்டிருந்தார். தோட்டத்து லயத்து வீடுகளை இடித்ததும் ஆட்களைத் தேடி, அவர்கள் குடிபோன தாமான் குடியிருப்புக்கே வந்துவிட்டார். பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, மிஞ்சியது திலகவதியின் அப்பா வீரமுத்து ஒருவர்தான். நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். ஐந்தரை மணிக்கு "வீரமுத்து!" என்று குரல் கேட்டால், புத்தி விழிக்கும் முன்பே வாய், "இருக்கேன்யா!" என்றுவிடும். அப்புறம் மதியம் வரைக்கும் இப்போது அங்கே நட்டிருக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் நின்று, இல்லாத ரப்பர் மரத்தை வெட்டிக்கொண்டிருப்பார்.

"முகூர்த்தம் ஏழு மணிக்கு. அப்பா கையால தாரை வார்க்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள் திலகவதி.

"நீ போயி மருதாணி வச்சுக்க. நாளைக்குக் காலையில வர்றேன்."

சனிக்கிழமை விடியும் முன்பே மங்களம் வீரமுத்துவின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவருடைய வாயைத் திலகவதி துண்டால் பொத்திக்கொண்டிருந்தாள். வெளியே கங்காணியின் குரல் வந்தது. மங்களம் இளநீர்த் துளையில் வாயை வைத்து, "இருக்கேன்யா!" என்றாள். பதில் சொன்ன ஆளைப் பார்க்கக் கங்காணி காய்க்குள் குனிந்தார். மெழுகு விழுந்தது. அடையாளத்துக்குக் குங்குமமும் வைத்தாள்.

கடல் ஏற்றம் மாலை நாலு மணிக்குத்தான். அதுவரை காயைக் கடை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, ஷேக்குக்குப் போடும் ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். தப்பு அங்கேதான் நடந்தது. அவள் புருஷன் ஹரிதாஸ் தினமும் ஒரு காய்க்குக் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குக் காட்டி, அதைத்தான் முதல் போணிக்கு வெட்டுவார். அன்று குங்குமக் காய் தயாராகவே இருந்தது. பெண்டாட்டிக்கு இன்றைக்குத்தான் பொறுப்பு வந்திருக்கிறது என்று மகிழ்ந்து வெட்டி, பிளெண்டரில் ஊற்றிச் சுற்றவிட்டார்.

மங்களம் திரும்பி வந்தபோது கடை முன்னால் முப்பது பேர் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். பிளெண்டர் மூடி தெறித்தது. வெள்ளை நுரை எழும்பி மீசையாயிற்று, தொப்பியாயிற்று, அரைக் கால்சட்டையாயிற்று.

"என்னடா இது, ஆட்டு மந்தையா? வரிசையில நில்லு!"

தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒரே கோடாக நின்றார்கள். விளம்பரம் என்று நினைத்து நாலு பேர் கைதட்டினார்கள்.

"மங்களம், என்ன காய் வாங்கிட்டு வந்த நீ?" என்றார் ஹரிதாஸ், பிளெண்டருக்குப் பின்னால் குந்தியபடி.

"பேசாம உக்காருங்க!"

அவள் இன்னொரு இளநீரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். கங்காணியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவர் வரிசையைத் தலை முதல் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். எத்தனை வருடமாக ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு பெரட்டு நடத்தியிருக்கிறார்!

மங்களம் காயைக் கீழே வைத்தாள்.

"கங்காணியாரே, இங்க வேலைக்கு வர்றீங்களா?"

"எத்தன ஆளு?"

"சனி, ஞாயிறுல எரநூறு, முந்நூறு வரும். ஒண்ணுகூட வரிசையில நிக்காது."

"நான் நிறுத்துறேன்."

"ஆனா வீரமுத்து அண்ணன விட்டுரணும்."

கங்காணி யோசித்தார். "நல்ல ஆளு. ஒருநாளும் லேட்டு கெடையாது. எதுக்கு லீவு?"

"மகளுக்குக் கல்யாணம்."

கங்காணி தொப்பியை நேராக்கிக்கொண்டார். "லீவு எதுக்கு? ஓய்வு கொடுத்துட்டேன். பட்டியல்லருந்து பேரை எடுத்தாச்சு" என்றார். உடனே திரும்பி, "ஏய் சேப்புச் சட்டை, முன்னால நகராத!" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்குத் தாமானில் சேவல் மட்டும் கூவியது. வீரமுத்து குளித்து, பட்டு வேட்டி கட்டி, ஜாசின் கோயில் மண்டபத்தில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் இருந்த மங்களம் பையில் ஓர் இளநீர் வைத்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

தாரை வார்க்கும் நேரம். குருக்கள் ஓலையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "பெண்ணோட தகப்பனார், வீரமுத்து?"

வீரமுத்து துள்ளி எழுந்து விறைத்து நின்றார். "இருக்கேன்யா!"

மங்களத்தின் கை பைக்குள் போய்விட்டது. நாதஸ்வரக்காரர்தான் முதலில் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. திலகவதி கண் மை கரையச் சிரித்துக்கொண்டே அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அதான் இருக்கீங்கள்லப்பா. உக்காருங்க."