கிழங்கு உரிக்க வந்தவர்கள்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் ஒரு கூட்டம். நல்ல ஊழியக் குழுவுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று ஒரு தம்பி பலகையில் எழுதி எழுதி விளக்கினார். நேரம் தவறாமை, கீழ்ப்படிதல், இன்னும் என்னவோ. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பின்கட்டில் யாரோ தேநீருக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தால் எனக்குத் தங்கம் என்கிறவளின் ஞாபகம் வரும், கூடவே வயிற்றெரிச்சலும் வரும். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். சயாமுக்கு ரயில்பாதை போட எங்கள் பக்கத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சிய குடும்பங்களுக்குக் கோயிலில் கிழங்குக் கஞ்சி ஊற்றலாம் என்று முதலில் சொன்னது நான்தான், இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாடகர் குழுவில் முதல் வரிசை; தலைமையை வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? வெளுத்த சேலை கட்டி மேசைக்குப் பின்னால் நிற்போம். ஜெபம், ஒரு வசனம், பிறகுதான் கரண்டி. எதிரே குவளையோடு வரிசை.

வாரா வாரம் வரிசை குறைந்தது. சபையில் கஷ்டம் தீர்ந்து வருகிறதென்று நான் சத்தமாக ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன்.

"கஷ்டம் எங்கக்கா தீர்ந்துச்சு? எல்லாரும் தங்கம் வீட்டுக்குப் பின்னால இருக்காங்க" என்றாள் என் குழுவிலிருந்த கிரேஸ். அடுத்த வாரம் அவளும் அங்கே போய்விட்டாள்.

தங்கம் கிள்ளானிலிருந்து அக்காள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவள். பாடினால் சுருதி சேராது. ஜெபிக்கச் சொன்னால் 'ஆமென்' மட்டும்தான் வரும். ஆனாலும் ஆட்கள் அங்கே சேர்ந்ததால், கஞ்சி காய்ச்சக் கோயில் கிழங்கில் பாதி அவளுக்குப் போயிற்று. வேலி தாண்டி அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், என்ன சொக்குப்பொடி போட்டாளோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் என் வீட்டுக்காரரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். (எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார், அது வேறு கதை.) வீட்டில் அடுப்பு எரியவில்லை. தலைவியே வரிசையில் போய் நிற்க முடியுமா? பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தபோது தங்கம் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கெழங்கு உரிக்க ஆள் பத்தல. கொஞ்சம் வந்து கை கொடுங்களேன்."

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறாள் என்று கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே ஒரே ஒரு கூடைக் கிழங்கு. சுற்றி ஆளுக்கொரு கத்தியோடு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. எல்லோரும் என் வரிசையிலிருந்து காணாமல் போனவர்கள்.

"தள்ளி உக்காருடி, அக்காவுக்கு எடம் விடு" என்றாள் ஒருத்தி.

என் பங்குக்கு ஒரு கிழங்குதான் கிடைத்தது. உரித்து, அவித்து, வேலை செய்த களைப்போடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குடித்தோம். பாதிக் கஞ்சி உள்ளே இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை கைகள் இருக்க, என் கை எதற்கு? அன்றைக்கு வயிறு நிறைந்தது. பொறாமை இரண்டு மடங்காயிற்று. மறுநாளும் கத்தியோடு போனேன்.

யுத்தம் முடிந்து அரிசி வந்தது. தங்கம் கிள்ளானுக்கே திரும்பிப் போனாள், தலைமை மறுபடி எனக்கு வந்தது. அவள் சாவுக்குப் போயிருந்தபோது செந்தூலிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் பழைய பெண்கள் வந்திருந்தார்கள்.

"நாங்க மட்டும் இல்லன்னா இவ ஒண்டியா என்ன பண்ணியிருப்பா?" என்று கிரேஸ் மூக்கைச் சிந்தினாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். நானும் கூடவே ஆட்டி வைத்தேன்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தாங்கள் சாப்பிட அழைக்கப்பட்டவர்கள் என்பது ஒருத்திக்கும் தெரியாமலே போயிற்று. என் கையால் கஞ்சி வாங்கியவர்களுக்கோ, ஊற்றியது யார் என்பது கடைசிவரை நன்றாக ஞாபகம் இருந்தது.