நான் கதாமஸ்காரியான வெள்ளிக்கிழமை

இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோ தெருவில் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாவுக்கு, எங்கள் சிஞ்ஞோராவுக்கு, தொண்ணூறு வயது. மேல்வீட்டில் இன்னொரு சிஞ்ஞோரா, அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. இரண்டு பேரும் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் தூங்குவார்கள். அந்த நேரத்தில், துணி காயப்போடுகிற சாட்டில், நானும் மேல்வீட்டில் வேலை செய்கிறவளும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவோம்.

அவளை லிபியாக்காரி என்று சொன்னால் மூக்கின்மேல் கோபம் வரும். கதாமஸ்காரி என்றுதான் சொல்ல வேண்டும். கதாமஸ் என்பது பாலைவனத்துக்கு நடுவே, ஓர் ஊற்றைச் சுற்றிப் பேரீச்சை மரங்களும் வெள்ளையடித்த வீடுகளுமாக இருக்கிற ஊராம். அந்த ஊருக்கென்றே ஒரு மொழி. அரபு இல்லை, பெர்பர் மொழிகளில் ஒன்று. வேறு ஊர் பெர்பர்காரருக்கே அது பாதிதான் விளங்குமாம். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது பலெர்மோ இத்தாலியன். அதில் அவள் என்ன சொன்னாலும் என் காதில் எங்கள் ஊர் மன்னார்த் தமிழாகத்தான் விழும், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நாள் முகம் செத்துப்போய் வந்தாள். கணவன் இறந்து இரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. அவளை வளர்த்து ஆளாக்கிய மூத்த அக்கா ஊரிலிருந்து, தனியாக அங்கே என்ன செய்கிறாய், திரும்பி வா என்று போனில் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் வாயை அடைக்க இவள் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள்.

"எங்கட ஊர்ப் பொம்பிளை ஒராள் கீழ்வீட்டில இருக்கிறா, ஒவ்வொரு நாளும் எங்கட பாஷையிலதான் கதைக்கிறனாங்கள் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப அக்கா அவவோட கதைக்கோணுமாம்."

மூன்று வாரம் தவணை வாங்கியிருந்தாள். பொய் பிடிபட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அக்காவின் சொல்லைத் தட்டி அவள் வாழ்ந்ததில்லை. ஆனால் கபோ சந்தைக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை இருந்தது, இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவும் அப்போதுதான் புதுப்பித்துக் கிடைத்திருந்தது. அந்த அறைப் பூட்டின் திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பாள். பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒரு திறப்பு இதுதான் என்று சொல்வாள்.

சரி, அந்த ஊர்ப் பொம்பிளைக்கு எங்கே போகப்போகிறாய் என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். எனக்கு வந்த சிரிப்பில் துணிக்கிளிப்புக் கூடை கவிழ்ந்து, கிளிப்புகள் மாடி முழுக்க ஓடின. இரண்டு பேரும் நாலு காலில் தவழ்ந்து பொறுக்கினோம். பொறுக்கி முடிப்பதற்குள் ஓம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதுமே வாய்தான் முதலில் போகும், புத்தி பின்னால் நடந்து வரும்.

பத்தொன்பது நாள் பாடம். தொண்டைக்குள் கொப்புளிக்கிற மாதிரி ஓர் ஒலி இருந்தது. அது வர எனக்கு ஐந்து நாள் பிடித்தது. வந்த பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. கறி காய்ச்சும்போதும், படி கழுவும்போதும், பேருந்திலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். கபோவில் மீன்காரனிடம் 'அமான்' என்று தண்ணீர் கேட்டேன், அவன் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தந்தான். எனக்கு அதுவே பெரிய வெற்றியாக இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் தலைகால் புரியாமல் துள்ளிக்கொண்டிருந்தேன்.

என் மனுஷன் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, அதைச் செபக்குழுவிலும் போய்ச் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் செபக்குழு அக்கா ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்து, பரிசுத்த ஆவியானவர் தந்த அந்நிய பாஷை வரத்தை மறைத்து வைக்கக் கூடாது என்று கண் கலங்கினார். மனுஷன் ஒட்டுக் கேட்ட அன்று நான் மனப்பாடம் செய்தது, 'எங்கள் கழுதைக்குக் கால் நோகிறது' என்ற வசனம். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், பாவம் என்று விட்டுவிட்டேன்.

தவணை முடிகிற அந்த வெள்ளிக்கிழமை மதியம் கொடியில் இரண்டு சிஞ்ஞோராக்களின் படுக்கை விரிப்புகளும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. சிக்னல் சரியில்லை, வீடியோ வராது என்று இவள் இன்னொரு பொய்யையும் சொல்லி, போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். நான் வணக்கம் சொன்னேன். சுகம் கேட்டேன். பேரீச்சை எப்படி என்று கேட்டேன். கழுதையைக்கூட எப்படியோ நுழைத்துவிட்டேன். அக்கா கலகலவென்று பதில் சொன்னார். எனக்குத் தலை சுற்றுகிற சந்தோஷம்.

பிறகு அவர் பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு எப்படி வருவாய்? கேள்வி எனக்கு விளங்கிவிட்டது, அந்தக் கொழுப்பில் சொந்தமாக ஒரு வசனம் கட்டினேன். தெரு வழியாக வந்து முன்கதவைத் தட்டுவேன்.

இவள் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே குந்திவிட்டாள். அந்தப் பழைய ஊரில் தெருக்கள் ஆண்களுக்காம். பெண்கள் வீட்டுக்கு வீடு கூரை வழியாகத்தான் போய்வருவார்களாம். எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே இவளுக்குத் தோன்றவில்லை.

நீ யார் என்று அக்கா கேட்டார். தெரிந்த சொற்களையெல்லாம் கூட்டிப் பொறுக்கி, தூர தேசம், கடற்கரை, இவளின் சிநேகிதி என்றேன். எத்தனை நாளாகப் படிக்கிறாய் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்துத் தங்கையோடு நீளமாகப் பேசினார். தங்கை அதை எனக்கு மூச்சுவாங்கச் சொன்னாள்.

"என்ர மச்சாள்மார் கடற்கரைப் பக்கத்து அரபி ஆக்கள், இருபது வருஷமா இந்த வீட்டில இருக்கினம், எங்கட பாஷையில ஒரு சொல்லுப் படிக்கேல்லை. உனக்காக ஒருத்தி பத்தொன்பது நாளில கழுதைக் கதை கதைக்கிறாள். நீ தனிய இல்லை. அங்கையே இரு."

நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ஒரு விரிப்பு கொடியோடு அறுந்து எங்கள் தலையில் விழுந்தது. போனைத் தேடி எடுத்தபோது அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார், இப்போது என்னோடு. இவள் விரிப்புக்குள் நின்றபடியே எனக்குச் சொல்லத் தொடங்கினாள்.

"வெள்ளிக்கிழமைகளில நீயும் தனக்குப் போன் எடு எண்டு கேக்கிறா. அங்க வீட்டுப் பிள்ளையள் எல்லாம் அரபியிலதானாம் பதில் சொல்லுதுகள்..."

அதோடு நிறுத்திவிட்டு அழுதாள். அக்கா நிறுத்தவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொன்னார். தன்னோடு தங்கள் பாஷையில் கதைக்க அந்த வீட்டில் ஆளில்லை என்றார். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.