கரகரத்த கியரும் என் கால் நேர்த்தியும்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன் நான். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. அத்தோடு, சாமிக்கு நேர்த்திக்கடன் வைத்ததை ஊருக்குச் சொல்லித் திரியக்கூடாது என்று ஒரு பயமும் இருந்தது. ஆனால் வாங்கிய உதவியைச் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருப்பதும் பாரமாகத்தான் இருக்கிறது. அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் உடையார்கட்டில் இருக்கிறோம். என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிப்பதற்காகக் கிழமை தவறாமல் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டி வந்தது. போவது பரவாயில்லை. திரும்பி வருவதுதான் பாடு. மெஷினிலிருந்து எழும்பியவருக்குத் தலை சுற்றும், கால் நிற்காது. சனம் நெரியும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர அவரால் முடியாது. எங்களிடம் இருந்த பழைய காரின் பின் சீற்றில் சாய்த்துத்தான் அவரைக் கூட்டி வருவேன்.

அந்தக் காரின் கியர் பெட்டி ஒருநாள் நடுவழியில் உடைந்தது. விசுவமடுவில் ஒரு கராஜில் விட்டோம். சாமான் தேடி, பெட்டி முழுவதையும் பிரித்துப் பூட்டி, கிளச்சும் புதிதாகப் போட்டு முடிக்க நீண்ட நாள் எடுத்தது. அதுவரை பஸ்தான். ஒரு தடவை மனைவி பஸ்ஸிலேயே மயங்கி, முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் மடியில் தலை வைத்து வந்தார். அன்று சாமியறையில் நின்று அழுதேன். கார் கைக்கு வந்தால் கோயில் வைகாசிப் பொங்கல் வரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை என்று கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்.

கார் வந்தது. நானும் செருப்பைக் கழற்றி அலுமாரிக்குக் கீழே தள்ளிவிட்டேன். வெறுங்காலோடு வயலுக்கும் வீட்டுக்கும் திரிந்ததில் இடது உள்ளங்காலில் முள் ஏறிப் புண்ணானது. நேர்த்தி என்றால் நோகத்தானே செய்யும் என்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அப்போதுதான் கியர் கரகரக்கத் தொடங்கியது. ரிவேர்ஸ் போட்டால் இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். முதலாம் கியருக்கும் அதே சத்தம். ஓட்டத்தில் இரண்டுக்கு மாற்றினால் தடி கைக்குள் அதிரும். பூட்டிய பெட்டியைத் திரும்பப் பிரிப்பதென்றால் திரும்பவும் பஸ்தான்.

கராஜ்க்காரர் என்னைவிட வயது குறைந்தவர். வாய் ஓயாது. முதல் தடவை கொண்டுபோனபோது தானே ஏறி றோட்டில் ஓடிவிட்டு வந்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை. பஞ்சு மாதிரி விழுது."

வீட்டு வாசலுக்கு வரவில்லை, கரகர. அடுத்த தடவை பெட்டி ஒயிலை மாற்றிப் பார்த்தார். அதற்கும் சத்தம் அடங்கவில்லை. மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியால் திரும்பும் வழியில், மனைவி பின்னால் சாய்ந்திருக்க, கராஜுக்குள் காரை விட்டேன்.

"உள்ளுக்க பித்தளை வளையம் இருக்கு, அண்ணை. கியர் சேரேக்க ரெண்டு பக்க வேகத்தையும் ஒண்டாக்கிறது அதுதான். புதுசு கிடைக்கேல்லை எண்டு நான் பழசுதான் போட்டனான். அது தேஞ்சுபோச்சோ தெரியாது. பெட்டியை இறக்கித்தான் பாக்கோணும்."

"எத்தினை நாள் செல்லும் தம்பி?"

"சாமான் கிடைச்சால் கெதியா முடியும். கிடையாட்டி..." பின் சீற்றைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிக்கொண்டார். "சரி, இறக்க முதல் ஒருக்கா வடிவாப் பாப்பம்."

இஞ்சினை நிற்பாட்டி எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். சத்தமில்லை. ஸ்டார்ட் பண்ணி ரிவேர்ஸ் போட்டார். அப்போதும் சத்தமில்லை. என்னை ஏறச் சொன்னார். போட்டேன், கரகர. திரும்பத் தான் ஏறினார். ஒரு முனகலும் இல்லை.

"அண்ணை, காருக்கு உங்களைப் பிடிக்கேல்லைப் போல."

"எனக்கும் சில நேரம் அப்பிடித்தான் தம்பி" என்றார் மனைவி. குரல் சோர்ந்திருந்தாலும் சிரிப்பு இருந்தது. பிறகு இரண்டு சீற்றுக்கும் நடுவால் எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, நீங்கள் ஏறி இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டேன்.

"தம்பி, நீங்கள் கிளச் மிதிக்கேக்க முழங்கால் நீளுது. இவருக்கு மடிஞ்சபடியே நிக்குது."

கராஜ்க்காரர் குனிந்து பெடலைப் பார்த்தார். அதன் ரப்பர் எப்போதோ கழன்றுபோய் வெறும் இரும்புதான் இருந்தது. என் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ அண்ணை! இந்தப் புண்ணோடயா மிதிக்கிறியள்? கிளச் புதுசு, இறுக்கம். முழுக்க மிதிச்சாத்தான் இஞ்சின் கியர் பெட்டியைக் கைவிடும். நீங்கள் நோவுக்குப் பயந்து அரைவாசியில நிக்கிறியள். உள்ளுக்க பல்லுச் சுத்திக்கொண்டு நிக்கேக்க கியரைத் திணிச்சா அது கடிக்காமல் கொஞ்சுமே? செருப்பைப் போடுங்கோ, காரியம் முடிஞ்சுது."

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"அவர் போடமாட்டார்" என்றார் மனைவி. "பொங்கல் மட்டுக்கும் நேத்தி."

நான் வாய் திறந்து சொல்லாததை அவர் எப்படியோ அறிந்திருந்தார். எனக்குக் கண் கலங்கியது. செருப்பைப் போட்டால் அம்மனுக்குக் கொடுத்த சொல் போகும். போடாவிட்டால் இவரை எப்படிக் கூட்டிப் போவது?

"பொங்கல் முடியுமட்டும் வேற ஆரையாவது கார் ஓடச் சொல்லுவம்" என்றேன்.

"ஆரை? வயலை விட்டிட்டு ஆர் வருவினம்?"

கராஜ்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பழைய டயர்க் குவியலில் ஒரு துண்டை வெட்டி, மேலே டியூப் ரப்பரை மடித்து வைத்து, பெடலோடு கம்பியால் இறுக்கிக் கட்டினார். கிளச் கேபிளையும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"நேத்தி உங்கட காலுக்குத்தானே அண்ணை? கிளச்சுக்கு இல்லையே. அது செருப்புப் போடட்டும்."

காலை வைத்தேன். மெத்தென்றிருந்தது. பெடல் அடிவரை போனது. ரிவேர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. முதலாவதைப் போட்டேன், அதுவும் விழுந்தது.

"அம்மாளாச்சி" என்று அம்மனைக் கூப்பிட்டபடி பின்னால் ஒரு பெருமூச்சுக் கேட்டது. வீடு வந்து சேரும்வரை அவர் நித்திரை.

பொங்கலுக்கு வெறுங்காலோடுதான் போனேன். அவரும் பக்கத்தில் இருந்து பானையில் அரிசி போட்டார்.

இப்போது இந்தக் கதை இரண்டு விதமாக ஊரில் திரிகிறது. கோயிலடியில், அம்மன் கனவில் வந்து கியர் பெட்டியைத் தொட்டுச் சுகமாக்கினாள் என்கிறார்கள். கராஜ் பக்கத்தில், சாமிப் பைத்தியத்தால் காரைப் பழுதாக்கின ஆள் என்று சிரிக்கிறார்களாம். அம்மன் கனவில் வரவில்லை. என் மனைவி பார்த்தார், அந்தத் தம்பி கட்டினார், கார் ஓடியது. அவர்கள் இருவரையும் எனக்குத் தந்தவள் அம்மாளாச்சி என்று நான் கும்பிடுகிறேன். வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால், அவளை விட்டுவிடாமல், அவள் செய்யாத அற்புதத்தையும் ஏற்றாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.