அறிக்கையில் வராத பக்கங்கள்

ஜெர்மனியில் தபால் பெட்டியில் பெயர் ஒட்டாதவன் அந்த வீட்டிலேயே இல்லாதவன். வந்த புதிதில் வாசலில் நின்று கையை நீட்டினேன். தபால்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை. ஏட்டில் இல்லாதது ஊரிலேயே இல்லை என்னும் நியாயத்தை எங்கள் ஜவ்வாது மலையிலேயே பார்த்தவன் நான்.

என் பிழைப்பு கெர்னலில், அதாவது கணினியை அடியிலிருந்து இயக்கும் நிரலில். நினைவகத்தை அது சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். வேகத்துக்காகப் பலவற்றைச் சேர்த்து ஒரே பெரிய பக்கமாகவும் கொடுக்கும். இப்போது நடுத்தர அளவிலும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய பக்கம் புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் அறிக்கை, முழு அளவுள்ள பெரிய பக்கங்களை மட்டுமே எண்ணும். நடுத்தரப் பக்கங்கள் எத்தனை உழைத்தாலும் பூஜ்யம்தான். அதைப் பார்ப்பவர்கள் வசதியே வேலை செய்யவில்லை என்று அணைத்துவிடுகிறார்கள். அவற்றையும் எண்ணிக் காட்ட ஒரு திருத்தம் எழுதினேன்.

போன வாரக் கூட்டத்தில் குழுத்தலைவர் ஸ்டெஃபான், "பழைய எண்ணிக்கையே போதும், இதைக் கைவிடலாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதிகாரி முன்னால் ஒருவன் பேசாமல் நின்றால் அவனுக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். ஸ்டெஃபானோ, "யாருக்கும் மறுப்பில்லை, நன்றி" என்று குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் திருத்தம் குப்பைக்குப் போகும்.

இதே மௌனத்தை அப்பாவிடம் பார்த்திருக்கிறேன். மலையில் காவலூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், சாமையோடு துவரையையும் கலந்துதான் விதைப்போம். பயிர்க்கணக்கான அடங்கலை எழுத வந்த அதிகாரி சாமையை மட்டும் எழுதிக்கொண்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். போன வருடம் மழையில் துவரை அழுகியபோது நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏட்டில் துவரையே கிடையாதாம். மரியாதை என்ற பெயரில் நாங்கள் தொலைத்ததெல்லாம் போதும்.

வெள்ளிக்கிழமை காலை மறுப்பை எழுத உட்கார்ந்தபோது ஊரிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"டேய், அடங்கல் எழுத சார் வந்துக்கிறாரு. அப்பா வாய மூடிக்கினு நிக்கிறாரு. நான் சொன்னா சார் காதுல வாங்கமாட்றாரு. இன்னா பண்றது?"

"போன ஸ்பீக்கர்ல போடுண்ணா." பிறகு அந்த அதிகாரியிடமே சொன்னேன்: "சார், வணக்கம்ங்க. துவரையையும் எழுதுங்க. கொல்லையில நிக்குது பாருங்க."

"ஒரு கொல்லைக்கு ஒரு பயிர்தான் தம்பி எழுதுவோம். இதுவரிக்கும் யாரும் கேட்டதில்லியே."

"இப்ப நான் கேக்கிறேன் சார். எழுதுற வரிக்கும் போன வெக்கமாட்டேன்."

அப்புறம் ஒரு செருமல். அதிகாரி ஒருவரிடம் அப்பா எதிர்த்துப் பேசி என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன்.

"எழுதுங்க சார். துவரையுந்தான் போட்டுக்கிறோம்."

என் காது மலையில் இருந்தது. ஜெர்மனியில் இருந்த விரல்கள், "எனக்குச் சம்மதமில்லை" என்று ஸ்டெஃபானுக்குத் தட்டிக்கொண்டிருந்தன.